கட்டைவிரல் பட்ட இடம்

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "எதுவுமே ஒட்டாத பிளாஸ்டிக்கை ஒட்ட வைக்கிறாரா? அப்ப வாணலியில அந்தக் கறுப்புப் பூச்சு மட்டும் எப்படி ஒட்டிக்கிட்டிருக்கு?" கேட்டுவிட்டு, உலகத்திலேயே முதல் ஆளாகக் கண்டுபிடித்ததுபோல ஒரு சிரிப்பு வேறு. வாணலிக்காரர்களுக்கு அவர்கள் வழி. உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, மேலே பூசி, சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். எங்களிடம் வருவது பூச்சு இல்லை, தகடு. ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று வருகிற டெஃப்லான் தகடு. அமிலத் தொட்டிக்கு உள்ளே அதை வரிசையாக ஒட்டிவிட்டால் அமிலம் இரும்பைத் தொடாது. ஆனால் அமிலத்துக்கே அசைந்து கொடுக்காத ஒன்று, பசைக்கு மட்டும் மசிந்துவிடுமா? மசிய வைப்பதுதான் என் வீட்டுக்காரரின் வேலை.

அதற்கு ஒரு கரைசல் இருக்கிறது. சோடியம் கலந்தது, மைக்கறுப்பு. தண்ணீர் பட்டால் சீறும், மூடியைத் திறந்து வைத்தால் கெட்டுப்போகும், அவ்வளவு கோபக்காரக் கரைசல். தகட்டின் ஒரு முகத்தை மறைத்துவிட்டு அதில் முக்கினால், மறைக்காத முகம் ஒரு நிமிஷத்தில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். மேல்தோல் மட்டும்தான் மாறும். தலைமுடியை நூறாகக் கிழித்தால் கிடைக்கிற கனம்கூட இருக்காது அந்தத் தோல். பசை பிடித்துக்கொள்வது அதைத்தான். எடுத்து, ஸ்பிரிட்டில் அலசி, வெந்நீரில் கழுவி, காயவைத்துக் கறுப்புப் பையில் போட வேண்டும். வெயில் பட்டால் அந்தத் தோல் வெளுத்துப் பிடிப்புப் போய்விடும். விரல் பட்டாலும் போச்சு. நம் விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கே அதற்கு எமன். அதனால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு மஞ்சள் பல்பு, கறுப்புத் திரை, கையுறை போட்ட ஒரு மனிதர். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

பட்டறையில் அவருக்குத் துளிக்காரர் என்று பேர். தகடு சரியாக மாறியிருக்கிறதா என்று பார்க்க அவர் நம்புவது ஒரு சொட்டுத் தண்ணீரைத்தான். வெள்ளைத் தகட்டில் தண்ணீரைச் சொட்டினால் தாமரை இலைத் தண்ணீர்தான், உருண்டு திரண்டு ஓடிவிடும். பழுப்புத் தகட்டில் அதே துளி மெல்லப் பரவும். இதற்கு அவர் மூன்று வார்த்தை வைத்திருந்தார். துளி உருண்டையாக இருந்தால் "நிக்குது". பாதி பரவினால் "உக்காந்திருக்கு". தட்டையாகப் பரந்துவிட்டால் "படுத்திருக்கு". படுத்தால்தான் தகடு வெளியே வரும். பார்க்க ஐந்து விநாடி போதும். இவர் இரண்டு நிமிஷம் பார்ப்பார்.

"என்னத்தைத்தான் பாக்கறீங்க அதுல?" என்று கேட்டிருக்கிறேன்.

"அது இறங்குறதை. அவசரமே இல்லை அதுக்கு."

சாதாரணமாகவே அவர் பாதி நேரம் இங்கே இருக்க மாட்டார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு, கனவைச் சொல்லுவார். "நேத்து ஒரு பெரிய வெள்ளைத் தரையில நடந்துக்கிட்டே இருந்தேன். எவ்வளவு நடந்தும் காலடி எதுவும் பதியலை. திரும்பிப் பாத்தா, நான் வந்ததே தெரியலை. அப்புறம் தரை மெதுவா பழுப்பாச்சு. ஒவ்வொரு அடியா பதிய ஆரம்பிச்சுது."

"அப்புறம்?"

"நீ எழுப்பிட்டே."

என் வேலை அவருடைய அறைக்கு வெளிப்பக்கம், சுவரை ஒட்டி. ஒவ்வொரு தகட்டோடும் ஒரு மாதிரிப் பட்டையையும் சேர்த்து முக்குவார். சுவரில் ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு, அதற்குக் கறுப்புத் துணி. அதன் வழியாகப் பட்டை வரும். பசைக்காரர் அதை ஓர் இரும்புச் சட்டத்தில் ஒட்டி ஒருநாள் காயவிடுவார். மறுநாள் நான் பட்டையின் நுனியைக் கொக்கியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றி, உரித்து எடுப்பேன். எவ்வளவு பலமாக இழுத்தால் உரிகிறது என்று முள் காட்டும். நல்ல பட்டை கிர்ர்ர் என்று ஒரே சீராகக் கத்திக்கொண்டு வரும். எனக்கு உரிப்பக்கா என்று பேர். ஆட்களையும் உரித்துவிடுவேன் என்பது பசைக்காரரின் விளக்கம். அந்த ஆளுக்கு வாய் நீளம்.

அந்தத் திறப்பு வழியாகத்தான் எங்கள் கல்யாணமே நடந்தது என்று சொல்லலாம். ஆறு வருஷம் அவர் கையை மட்டும் பார்த்திருந்தேன். கையுறை போட்ட ஒரு கை பட்டையை நீட்டும், நான் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் பட்டையைக் கொடுத்துவிட்டுக் கை உள்ளே போகாமல் அங்கேயே நின்றது. "உங்க இழுப்பு சத்தம் கேக்கும் எனக்கு. அதுல ஒரு கோபம் இருக்கு. யாரு மேல?"

"உலகம் மொத்தத்து மேலயும்," என்றேன்.

"நான் அதுல சேத்தி இல்லை. நான் உள்ளே இருக்கேன்."

எனக்கு அப்போது நாற்பது, அவருக்கு நாற்பத்தாறு. இரண்டு பேரையும் யாரும் கேட்டு வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். தையற்கடைக்கு மேலே ஓர் அறையும் சமையல்கட்டும். கீழே இருந்து நாள் முழுக்கத் தையல் இயந்திரச் சத்தம் வரும். பன்னிரண்டு வருஷம் அந்தச் சத்தத்தின் மேலேயே தூங்கி எழுந்தோம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஒருகாலத்தில் அழுதிருக்கிறேன், இப்போது இல்லை.

அவர் கனவிலேயே இருக்கிற ஆள் என்பதால் ஒரு விஷயம் என் கண்ணில் படாமலே போய்விட்டது. போன மழைக்காலத்திலிருந்து தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். பஸ் வந்தால் நான் எழுந்த பிறகுதான் எழுந்தார். "பல்பைச் சுத்தி வளையம் வளையமா இருக்கு, அழகா இருக்கு," என்றார். "ஒவ்வொரு துளிக்கும் ரெண்டு நிழல் விழுது தெரியுமா?" என்றார். வேறு ஆம்பளை சொல்லியிருந்தால் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இவர் சொன்னதால், வழக்கமான பேச்சு என்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அது வெளியே வந்தது பசையால். எப்போதும் பயன்படுத்துகிற சாம்பல் நிறப் பசை தீர்ந்துபோய், பசைக்காரர் வேறொரு பசை வாங்கி வந்திருந்தார். தேன் நிறம், கண்ணாடி மாதிரித் தெளிவு. அந்தச் சனிக்கிழமை ஒரு புது ஆர்டரின் முதல் பட்டையை இழுத்தேன். கிர்ர்ர் என்று வந்தது. நடுவில் ஒரு நொடி சத்தமே இல்லை, முள் பொத்தென்று விழுந்து மறுபடி ஏறியது. கொஞ்ச காலமாகவே அப்படி நடுவில் முள் விழுவதை நான் கவனித்திருந்தேன். சராசரி சரியாக இருந்ததால் பாஸ் போட்டுவிடுவேன். இந்த முறை உரித்த பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

தேன் நிறப் பசையில், நடுவில், முட்டை வடிவத்தில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று ஒட்டாமல் இருந்தது. அதற்குள் வரி வரியாக ரேகை. ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

அந்தக் கோடு எனக்குத் தெரியும். டின் மூடி கிழித்த காயம். என் கையாலேயே துணி சுற்றிவிட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரரின் வலது கட்டைவிரல்.

பட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். அப்புறம் பழைய பட்டைகள் கிடக்கிற பெட்டியைத் திறந்தேன். முந்தின நாள்தான் பதினாறு தகடு அனுப்பியிருந்தோம், ஓர் அமிலத் தொட்டிக்கு. அந்தப் பதினாறு பட்டையையும் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் பசையில் ரேகை தெரியவில்லை. ஆனால் பதினொன்றில் அதே முட்டை வடிவப் பளபளப்பு இருந்தது. பதினாறுக்கும் பாஸ் போட்டது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே தையற்கடை லீவு, வீடு நிசப்தமாக இருந்தது. பட்டையை அவர் கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோகவில்லை. விரலால் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

"எத்தனை மாசமா?" என்றேன்.

"மழை வந்ததுலேருந்து."

"கையுறைய கழட்டிட்டா தொட்டீங்க?"

"துளி தெரியலைம்மா. பல்பு வெளிச்சம் மட்டும்தான் தெரியுது, அது நடுவுல எங்கயோ துளி இருக்கு. கையுறை போட்டுத் தொட்டா ஒண்ணும் தெரியலை. வெறும் விரலை வச்சா அது நிக்குதா படுத்திருக்கான்னு தெரியும். நல்லாவே தெரியும்." கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார்.

"தகட்டுலயுமா?"

"நாலு மூலையிலயும். நடுவுலயும்."

எல்லோரையும் தொடாதே தொடாதே என்று விரட்டின மனுஷன். வேலியே பயிரை மேய்ந்த கதை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை நங்கென்று வைத்தேன். "டாக்டர்கிட்ட போனா என்ன?"

"போனா ஆபரேஷன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் அந்தக் கரைசல் பக்கம் விட மாட்டாங்க." பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "அந்த ரூம் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன் சொல்லு. வெளியில எனக்கு ஒண்ணும் தெரியாது. உள்ளே எல்லாம் தெரியும்."

எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், வர்ற வியாழக்கிழமை அந்தப் பதினாறு தகட்டையும் தொட்டியில் ஒட்டப்போகிறார்கள் என்பதைச் சொன்னேன். விரல் பட்ட இடத்தில் தகடு உப்பும், ஒருநாள் விரியும், அமிலம் பின்னால் போகும், இரும்பைத் தின்னும், அந்தத் தொட்டிக்குக் கீழே ஆட்கள் நடமாடுவார்கள். இதெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவருக்கே அதைத் திருப்பிச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நீங்களே மேடம்கிட்ட சொல்லிடுங்க. முதலாளிகிட்ட நீங்களா சொன்னாத்தான் மரியாதை."

"திங்கக்கிழமை சொல்றேன்."

திங்கட்கிழமை சொல்லவில்லை. மேடம் வெளியே போயிருக்கிறார் என்றார். செவ்வாய்க்கிழமை மேடம் வந்தார், சிரித்தார், போனார், இவர் சொல்லவில்லை. நான் இருதலைக்கொள்ளி எறும்பாகத் தவித்தேன். சொன்னால் இவருடைய அறை போகும். சொல்லாவிட்டால் முகம் தெரியாத யாரோ ஒருவர் தலையில் அமிலம். செவ்வாய் சாயங்காலம் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். தூக்கத்தில் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின் மேல் எதையோ தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை, அவர் உள்ளே போய்த் திரையை இழுத்த பிறகு, நான் மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். பட்டையையும் கொடுத்தேன். பாஸ் போட்டது நான் என்பதையும் சேர்த்தேன். எங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர் அவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை எடுத்து, தகடுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அப்புறம், "அண்ணா ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மத்தியானம் தகடுகள் திரும்பி வந்தன. கதவை மூடி, மஞ்சள் பல்பின் கீழே ஒவ்வொன்றாக விரித்தோம். மேடம், பசைக்காரர், நான், அவர். ஒன்றும் நடக்காததுபோல அவர் சொட்டுக்குழாயை எடுத்தார். கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சரியாக நடுவில் ஒரு துளி விட்டார். குனிந்தார். மூக்குப் படும் அளவுக்குக் குனிந்தார். வாய் ஓயாத பசைக்காரர்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் பொதுவாக, "நீ சொல்லு," என்றார்.

நான் பார்த்தேன். "உக்காந்திருக்கு," என்றேன்.

குழாயை ஒரு சாண் தள்ளி வைத்து இன்னொரு துளி விட்டார்.

"இது படுத்திருக்கு."

மூலையில் ஒன்று. "நிக்குதுங்க. குன்றிமணி மாதிரி நிக்குது."

மேடம் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்துக்கொண்டே வந்தார். பதினொரு தகட்டில் விரல் பட்ட இடமெல்லாம் துளி எழுந்து எழுந்து உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் நான் சொல்லிக்கொண்டே போனேன். கடைசித் தகட்டுக்கு வரும்போது அவர் கேட்க நான் காத்திருக்கவே இல்லை, என் பாட்டுக்குப் படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார். கண்ணால் இல்லை.

பதினொன்றையும் துடைத்து மறுபடி முக்கினார்கள். தொட்டி வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. கண் டாக்டர் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார். ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரு கண் இப்போது, இன்னொன்று மூன்று மாதம் கழித்து. அந்தக் கரைசலின் ஆவி இனிமேல் கண்ணில் படவே கூடாது. மேடம் முடிவு செய்துவிட்டார். அண்ணா குணமானதும் உரிப்பு மேஜைக்கு வரட்டும், அக்கா உள்ளே போகட்டும்.

"நான் போகமாட்டேன் மேடம். வேற யாரையாவது போடுங்க."

"துளியை வேற யாருக்குக்கா படிக்கத் தெரியும்?"

ஆக, அவரைக் காட்டிக்கொடுத்ததும் நான், அவர் இடத்தில் போய் உட்கார்ந்ததும் நான். ஊர் என்ன பேசும் என்று எனக்குக் கவலை இல்லை. அவர் பேச மாட்டேன் என்கிறாரே, அதுதான். "நீ சொல்லு" என்றாரே, அதற்கப்புறம் வாய் பூட்டிக்கொண்டது. சரியான கல்லுளிமங்கன். "சாவி" என்பார். "குடை" என்பார். இரண்டு எழுத்துக்கு மேல் கிடையாது. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை போட்டு ஆறியிருப்பேன். ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் நாலு வேளை கண்ணில் மருந்து விட வேண்டும். என் மடியில் தலை வைத்துப் படுப்பார். நான் இமையை விலக்கிச் சொட்டுவேன். சிவந்த கண் அப்படியே திறந்து என்னைப் பார்க்கும். வாய் மட்டும் திறக்காது. மருந்து கன்னத்தில் வழிந்தால் துடைத்துவிட்டு எழுந்து போவேன். சமையல்கட்டில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். பாவி மனுஷன், அவருக்கும் தெரிந்திருக்கும்.

உள்ளே எனக்கு வேலை புதிதில்லை. அவர் லீவு போடும்போது முக்கி எடுக்கப் பழகியிருந்தேன். துளியை மட்டும் அவர் வந்துதான் பார்ப்பார். இப்போது அந்த நாற்காலி எனக்கு. அதில் அவர் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. மேஜையில் அவருடைய நோட்டு. ஒவ்வொரு நாளும் எந்தத் தகடு, எத்தனை நிமிஷம், துளி எப்படி என்று எழுதி வைத்திருந்தார். முதல் பக்கங்களில் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்து. மழைக்காலத்துக்கு அப்புறம் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை பக்கம் முழுக்க இருந்தது. படுத்திருக்கு.

அந்த அறை வெளியிலிருந்து பார்ப்பதுபோல இல்லை. திரையை இழுத்துவிட்டால் வெளியே கத்துகிற இயந்திரமெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். மஞ்சள் வெளிச்சத்தில் காலையும் மத்தியானமும் ஒன்றுதான். வெள்ளைத் தகடு கரைசலுக்குள் போகும்போது ஒரு சின்ன நெளிவு நெளியும். வெளியே வரும்போது யாரோ உள்ளே வைத்துப் பேசி அனுப்பியதுபோல வேறு நிறமாக வரும். துளியை விட்டால் முதலில் தயங்கும். ஓரம் மெல்ல இளகும். பல்பு அதற்குள் உருண்டையாகத் தெரிந்துகொண்டிருக்கும். அப்புறம் அந்தச் சின்ன பல்பும் நீண்டு, தட்டையாகி, எங்கே துளி முடிகிறது, எங்கே தகடு தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நிமிர்ந்தால் மணி பதினைந்து நிமிஷம் ஓடியிருந்தது. அவரிடமிருந்து நான் எதைப் பறித்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர் ஆறாவது வாரம் வேலைக்கு வந்தார். பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் எழுந்து நின்றார். தூரத்திலேயே பஸ் நம்பர் தெரிகிறது போல. என்னிடம் சொல்லவில்லை. பட்டறையில் என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் கொக்கியை மாட்டி, என் கைப்பிடியைச் சுற்றினார். நான் உள்ளே இருந்து அவருடைய இழுப்பைக் கேட்டேன். மெதுவான, நிதானமான இழுப்பு. திறப்பு வழியாக நான் பட்டையை நீட்டுவேன், ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். பதினெட்டு வருஷம் முன்னால் இருந்த அதே கதை, பக்கம் மட்டும் மாறிப்போச்சு. பசைக்காரர் ஒருநாள், "என்ன அண்ணே, வீட்டுல பேசறதில்லையா, திறப்புல போஸ்ட் போடறீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் அடுத்த பட்டையைக் கொக்கியில் மாட்டினார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே என்னால் பொறுக்க முடியவில்லை. தகடு எதற்கும் சேராத ஒரு துண்டுப் பட்டை மீந்திருந்தது. அதையும் முக்கி எடுத்துக் காயவைத்தேன். பிறகு இடது கையுறையைக் கழற்றினேன். எண்ணெய்த் தலையில் ஒரு தரம் தேய்த்துக்கொண்டு, கட்டைவிரலைப் பட்டையின் நடுவில் வைத்து நன்றாக அழுத்தினேன். பட்டையில் நம்பர் எழுதவில்லை. "இது கணக்குல சேராது, தேன் நிறப் பசையில போடுங்க," என்று பசைக்காரரிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். வேலையைப் பாரும் என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு அந்தப் பட்டையின் முறை வந்தது. நான் ஒரு புதுத் தகட்டின் முன்னால் சொட்டுக்குழாயோடு நின்றுகொண்டிருந்தேன். வெளியே கிர்ர்ர் என்று தொடங்கியது. நிதானமாக வந்தது. நடுவில் சத்தம் நின்றது. முள் விழுந்திருக்கும். மறுபடி சத்தம் வரவில்லை. கைப்பிடி சுற்றுவது நின்றுவிட்டது.

நான் துளியை விட்டுவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஸ்டூல் நகர்ந்தது. திறப்புக்கு அந்தப்பக்கம் அவருடைய மூச்சு கேட்டது.

"கையுறை எங்கே?" என்றார்.

ஆறு வாரத்துக்கும் மேலாக இரண்டு எழுத்தைத் தாண்டாத குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

"கழட்டி வச்சேன்," என்றேன்.

"இதை மேடம்கிட்ட சொல்லணுமே."

"சொல்லுங்க. அப்படியாவது யார்கிட்டயாவது வாயைத் திறந்து பேசுங்க."

துணிக்கு அந்தப்பக்கம் பட்டையை அவர் விரலால் தடவுகிற சின்னச் சரசரப்பு மட்டும் கேட்டது. பிறகு, "நீ மேடம்கிட்ட சொன்னது சரிதான். எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார். அப்புறம், "துளி எப்படி இருக்கு?" என்றார்.

குனிந்து பார்த்தேன். தகடு தெரிந்தது, பல்பின் மஞ்சள் தெரிந்தது. துளி தெரியவில்லை. எல்லாம் கலங்கி, வளையம் வளையமாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிழல். கையுறையால் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

"தெரியலைங்க," என்றேன். "நீங்களே பாத்துக்கோங்க."

கறுப்புத் துணி விலகியது. அவர் தலையைத் திறப்புக்குள் நுழைத்தார். பாதி நரைத்த தலை, ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் வைத்த கண்ணாடி. ஆவி கீவி படாமல் எட்டத்திலிருந்தே கழுத்தை நீட்டித் தகட்டைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"படுத்திருக்கு," என்றார். "நல்லா படுத்திருக்கு."

அவருடைய தோளுக்கு மேலாக வெளியிலிருந்து பகல் வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது, நேராகத் தகட்டின் மேல். "வெளிச்சம் படுதுங்க, தலையை எடுங்க," என்றேன். அவர் எடுக்கவில்லை. நானும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. அந்தத் தகட்டை மறுநாள் மறுபடியும் முக்க வேண்டியிருந்தது.